வாய் நெரித்த ரவை

குண்டு உள்ளே போய்விட்டது. பெரிய பலம் ஒன்றும் கொடுக்கவில்லை. துப்பாக்கி ரவையின் நுனியை மேசை விளிம்பில் முட்டவைத்து அடியில் கட்டைவிரலால் ஒரு அமத்து, அவ்வளவுதான். பித்தளைக் கோதின் வாய் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய செப்புக் குண்டு ஒரு நெல்லளவு உள்ளே இறங்கி நின்றது. தில்லைநாதர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துத் திரும்பவும் மாட்டிக்கொண்டு பார்த்தார். கண்ணாடியில் பிழை இல்லை. பேஸ்மென்ட் மணிக்கூட்டில் ஒன்பது பத்து. மேலே குசினியில் மனைவி பரமேசுவரி மல்லி வறுக்கிறாள். ஐப்பசிக் குளிரென்றும் பாராமல் ஜன்னலைத் திறந்துவைத்தும் வாசம் படியிறங்கி வந்து அவருடைய தொண்டையில் நின்றது. மல்லி வாசமும் துப்பாக்கி மருந்தின் வாசமும் கலந்தால் என்ன வாசம் வரும் என்று மனம் ஒரு கணம் தேவையில்லாத இடத்துக்கு ஓடியது. அவர் அதைப் பிடித்து இழுத்து வந்தார். விரலுக்கே உள்ளே போகிற குண்டு, துப்பாக்கிக்கு எவ்வளவு போகும்? கையால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடுகிற துப்பாக்கி என்றால் பரவாயில்லை. மருமகன் கோகுலனுடையது செமி ஆட்டோமாட்டிக். ஒன்று வெடித்த கையோடு அடுத்த ரவையைத் தானே இழுத்து, சரிவில் முட்டி, அறைக்குள் அடித்துத் தள்ளுகிற சாமான். அந்த அடியில் குண்டு இன்னும் உள்ளே போகும். போனால் மருந்துக்கு இடம் குறையும், இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும், கண்டபடி ஏறினால் இரும்பு பிளக்கும். பிளக்கிற இடம் சுடுகிறவனுடைய வலது கன்னத்துக்கு ஒரு சாண் தூரம். அந்தக் கன்னத்தைத்தான் மருமகன் இந்த நேரம் துப்பாக்கிக் கட்டையில் சாய்த்துக்கொண்டு, தொண்ணூறு கிலோமீற்றருக்கு அப்பால் ஏரிக்கரைக் காட்டில், மானுக்குக் காத்துக்கொண்டு இருப்பான். அவனுடைய சட்டைப்பையில் இருப்பது இவர் வியாழக்கிழமை கொடுத்துவிட்ட இருபது ரவை.

கிறிம்ப் போடாமல் விட்டிருந்தால் இந்த வினையே இல்லை. பதினொரு வருடமாக அவர் போட்டதில்லை. கோதின் வாயை வெளியிலிருந்து கொஞ்சம் நெரித்துக் குண்டைக் கவ்வவைப்பதுதான் கிறிம்ப். போட வேண்டுமா வேண்டாமா என்பது ரவை கட்டுகிற ஆட்களுக்குள்ளே ஓயாத வழக்கு. கடைப் புத்தகம் ஒன்று சொல்லும், இன்ரநெற்றில் ஒருவன் இன்னொன்று சொல்வான், மூன்றாவது ஆள் வந்து இரண்டு பேரையும் மடையர் என்பான். றெய்னோ போடாத கட்சி. சுரங்க இயந்திரங்களுக்கு உறுப்புக் கடைகிற பட்டறையில் இருபத்தாறு வருடம் பக்கத்து லேத்தில் நின்ற பின்லாந்துக்காரன் அவன். அந்த உறைந்த ஊரில் தில்லைநாதருக்குக் கிடைத்த ஒரே சிநேகிதன். கோதின் கழுத்து குண்டைச் சரியாகப் பிடித்தால் அதன் வாயை ஏன் நெரிக்கிறாய் என்பான். அப்படியானால் செமி ஆட்டோமாட்டிக்குக்கு என்ன செய்வது என்று இவர் கேட்பார், கேட்பதற்காகவே கேட்பார். அதற்கும் கழுத்துப் போதும் என்பான் அவன், இவர் போதாது என்பார், கோப்பி முடிந்துவிடும். மற்றவர்கள் ஐஸ் ஹொக்கியைப் பற்றிக் கதைத்த காலமெல்லாம் இவர்கள் இரண்டு பேரும் ஒரு பித்தளைக் குழாயின் வாயைப் பற்றிக் கதைத்துத் தீர்த்தார்கள். றெய்னோ போய் ஐந்து வருடம். அவன் போன பிறகு கேள்வி மட்டும் இவரோடு மிஞ்சிவிட்டது. தனியே இருக்கிற நேரத்தில் இரண்டு பக்கத்தையும் இவரே பேசிக்கொள்வார், றெய்னோவை வெல்லவும் விடுவார். பிறகு மகள் சுகிர்தாவைக் கட்டிய கோகுலன், பழைய துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, இந்த நாட்டில் இன்னும் தடை செய்யாத சொற்ப வகைகளில் ஒரு செமி ஆட்டோமாட்டிக்கை வாங்கிக்கொண்டு வந்து, மாமா இதைப் பாருங்கோ என்று மடியில் வைத்தபோது, கேள்விக்கு ஒரு உடம்பு வந்துவிட்டது. தன்னுடைய துப்பாக்கி என்றால் கழுத்துப் போதும். பிள்ளையின் புருசன் சுடப்போவது என்றால்? அப்போதுதான், போன ஆவணியில், கிறிம்ப் போடுகிற டை ஒன்றை, பிரஸ்ஸில் மாட்டி வாயை நெரிக்கிற இரும்பு அச்சை, முதன்முதலாக வாங்கினார். கூடுதல் கவனம். தனக்குத் தேவையில்லாத கவனம், அவனுக்காக. அந்தக் கவனம்தான் இப்போது அவனுடைய கன்னத்தடியில் இருக்கிறது.

நட்டு. எல்லாம் அந்த நட்டு. டை கீழே இறங்காமல் பூட்டிவைக்கிற நட்டை இறுக்க வேண்டும், பாலர் வகுப்புப் பாடம் அது. அவர் அதை விரலால் திருகிவிட்டு ஸ்பானரைத் தேடினார், ஸ்பானர் வழக்கமான கொளுக்கியில் இல்லை, அந்த நேரம் பார்த்து வெளியே கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னவன் நாலரைக்கே வந்துவிட்டான். வெள்ளைக்காரன் வீடென்றால் இன்னும் முடியவில்லை, அடுத்த கிழமை வா என்று சொல்லிவிடுவான், வந்தவனும் சரி என்று போய்விடுவான். இது மருமகன் வந்து இறங்குகிற வீடு. பரமேசு நாலு வருடமாக அவனை ஒருநாள் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அவள் தூள், மோர்மிளகாய், வாழைப்பழக் கேக் என்று பையைக் கட்டினால் அந்தப் பையின் அடியில் இவருடைய பெட்டி ஒன்று இருந்தாக வேண்டும். மாமியின் பங்கு இருந்து மாமாவின் பங்கு இல்லாமல் போனால் எப்படி? அவள் மேலே அவனுக்கு வடை போட்டுக் கொடுத்து இருத்திவைத்திருக்க, இவர் கீழே, இறுக்காத நட்டோடு, நாற்பது ரவைக்கும் வாய் நெரித்தார். பிரஸ்ஸின் கைப்பிடி ஒவ்வொரு தரம் இறங்கும்போதும் டையும் ஒரு மயிரளவு இறங்கியிருக்கிறது. வாய் அளவுக்கு மீறி நெரிபட்டால் கழுத்து வெளியே பிதுங்கும், பிதுங்கினால் உள்ளே இருக்கிற குண்டை விட்டுவிடும். இறுக்குவதற்காகச் செய்கிற வேலை, கூடினால் இளக்கிவிடும். றெய்னோ இதைச் சொன்னான், இதே சொல்லில் சொன்னான், கோப்பிக் கோப்பையின் வாயைச் சுற்றி விரலை ஓட்டிக்காட்டிச் சொன்னான். இன்னொன்றும் சொல்லாமல் சொன்னான். ஒரு நத்தார் பண்டிகைக்கு இவர் தன் கையால் கட்டிய ரவைப் பெட்டி ஒன்றை ரிப்பன் சுற்றி அவனிடம் நீட்டியபோது, அவன் அதை மேசையில் இவர் பக்கமாகவே மெல்லத் தள்ளிவிட்டு, பிஸ்கட் தட்டை எடுத்துக் கொடுத்தான். மற்றவன் கட்டிய ரவையை அங்கே யாரும் சுடுவதில்லை, தான் கட்டியதை யாருக்கும் கொடுப்பதும் இல்லை. அன்றிரவு இவர் பரமேசுவிடம் அவனுக்குப் பண்பாடு இல்லை என்று சொன்னார். பண்பாடு! மருமகன் முறைக்கு இவர் செய்த பண்பாட்டைப் பார்.

போனை எடுக்க வேண்டியதுதான். அது சட்டைப்பையிலேயே கிடக்கிறது, நெஞ்சில் சூடாக இருக்கிறது. கோகுலனுக்கு அடிக்க முடியாது. ஏரிக்கரை தாண்டினால் சிக்னல் இல்லை. கூடப்போன பீற்றரிடம் சாட்டலைட் போன் இருக்கிறது, அந்த நம்பர் சுகிர்தாவிடம் இருக்கிறது. ஆக, சுகிர்தாவுக்கு ஒரு போன். பிள்ளை, நான் கொடுத்த ரவையைச் சுட வேண்டாம் என்று அவருக்குச் சொல். ஒரே வசனம். அந்த ஒரு வசனத்தை அவர் வாய்க்குள் வைத்து இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் மாற்றிக்கொண்டு இருந்தார். சொன்னால் அவள் ஏன் என்று கேட்பாள். அவள் ஏன் கேட்பாள் என்பது அவருக்குத் தெரியும். சித்திரையில் அடுப்பை அணைக்காமல் கோயிலுக்குப் போனது, பிறகு வைகாசியில் இன்னொரு தரம். கண்ணில் புரை, இனி ஓட்டக்கூடாது என்று அவள் கார்த் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டது. வலது கை, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கும்போது தட்டில் கடகடவென்று தந்தியடிப்பது. அவள் அதைப் பார்க்காத மாதிரிப் பார்ப்பாள். ஆடி மாதம் இங்கேயே, இந்தப் படியில் நின்றுகொண்டு, அப்பா இந்த வெடிமருந்துகளை எல்லாம் வித்துப்போடுங்கோ, எனக்குப் பயமாக் கிடக்கு என்றாள். அப்போது யார் குறுக்கே வந்தது? கோகுலன். மாமாட கை இன்னும் மெஷின் மாதிரி, நீர் சும்மா இரும் என்று பெண்டாட்டியை அடக்கினான். அந்தச் சொல்லில் இவர் நாலு மாதம் சீவித்தார். இனி? நட்டை இறுக்க மறந்தேன் என்று சொன்ன மறுநாள் ஒரு வெள்ளைக்காரன் வந்து மேசையைக் கழற்றுவான், பிரஸ் போகும், தராசு போகும், இந்த மூலையில் கார்ட்போட் பெட்டிகளும் பரமேசுவின் பழைய சீலைகளும் வந்து குந்தும். இவர் மேலே போய்ச் சோபாவில் இருந்து தொடர்நாடகம் பார்க்கலாம், அதில் அழுகிறவர்களோடு சேர்ந்து அழலாம். அவர் பையைத் தொட்டார், கையை எடுத்தார். அவசரப்பட்டு ஊரைக் கூட்டக்கூடாது. ஒரு ரவை பிழையாய்ப் போனால் எல்லாம் பிழை என்று ஆகுமா? மிச்சம் பத்தொன்பது இங்கே தட்டில் இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம். பார்த்துவிட்டு, நிச்சயமாகத் தெரிந்த பிறகு, அடிப்போம்.

கட்டிய ஒழுங்கிலேயே தட்டில் நிற்கின்றன. லேத்தில் நின்றவனுக்குச் சாமானைக் கலந்துவைக்கக் கை வராது. முதலாவதை எடுத்து அமத்தினார். அசையவில்லை. கலிப்பரை வைத்து அளந்து கொப்பியில் எழுதினார். இரண்டாவது, அசையவில்லை. ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. மூன்றாவதை அமத்தும்போது, என்ன காரணமோ, சவர்க்கார நுரையின் மணம் வந்தது. வரும், இப்படித்தான் வரும், கூப்பிடாமல் வரும். புலோலி வீட்டுக் கிணற்றடி. கண்ணாடியை வேலிக் கதியாலில் கொளுவி வைத்து அவர் முகம் வழித்துக்கொண்டு நிற்கிறார், இடது கன்னம் முடிந்துவிட்டது, வலது கன்னத்தில் நுரை. தம்பி யோகன் மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போய் ஐந்து நிமிடம் இருக்கும். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுச் செல்லத்துரையர் தலை நீட்டுகிறார். சந்தியில ஆமி இறங்கி நிக்குது, தம்பியை மறியும். மறிக்கத்தான் போனார். போனார், ஆனால் வலது கன்னம்? பாதி முகத்தோடு எப்படி ஒழுங்கைக்குள் ஓடுவது, எதிரே யாரும் வந்தால் என்ன நினைப்பார்கள்; இரண்டு நிமிடம், இரண்டே நிமிடம், நாலு இழுப்பு. நாலு இழுப்பு இழுத்துவிட்டு, முகத்தைக் கழுவி, துவாயால் துடைத்துக்கொண்டு ஓடினார். சைக்கிள் கிடந்தது, கலன் கிடந்தது, யோகன் இல்லை. மண்ணெண்ணெய் மதகடி வரைக்கும் ஓடியிருந்தது. சொன்னவுடனே ஓடினேன் என்று அம்மாவிடம் சொன்னார். எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னார், பரமேசுவிடமும். அன்றைக்கு அவருடைய முகம் மழுமழுவென்று இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து முகம் வழிக்கும்போது வலது கன்னத்தில்தான் தொடங்குவார், அது ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை. நாலாவது, அசையவில்லை. ஐந்தாவது, அசையவில்லை.

பதினொன்று வரைக்கும் இறுக்கமாக இருந்தன. பன்னிரண்டாவதில் ஒரு மயிரளவு அசைந்த மாதிரி இருந்தது. கை நடுக்கமாக இருக்கலாம் என்று அதைத் திருப்பித் திருப்பி நாலு தரம் அளந்தார், நாலு தரமும் நாலு அளவு வந்தது, எதைக் கொப்பியில் எழுதுவது என்று தெரியவில்லை. பதினாலாவது அசைந்தது. பதினேழாவது இறங்கியது. பதினெட்டு, பத்தொன்பது. இருபதாவதைத்தான் ஒன்பது பத்துக்கு முதன்முதலில் கையில் எடுத்திருந்தார், அது தன்பாட்டில் கிடந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது, உறைத்தது என்று சொல்வதே பொய், முன்னமே தெரிந்ததைப் பார்க்காமல் இருந்தார். டை இறங்கிக்கொண்டே போனது. முதலில் கட்டிய இருபது இங்கே இருக்கிறது. அவசரத்தில், கடைசியாகக் கட்டிய இருபதைத்தான் சூட்டோடு சூடாகப் பெட்டியில் போட்டு, ஐப்பசி இருபத்தொன்று, மருமகனுக்கு என்று லேபிளில் எழுதி ஒட்டி மேலே கொண்டுபோனார். இங்கே இருப்பதில் மோசமானது எதுவோ, அங்கே இருப்பதில் நல்லது அது. மணிக்கூடு பத்து இருபது. ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் அவர் மற்றக் கன்னத்தை வழித்துக்கொண்டு இருந்திருக்கிறார். சத்தி வருமோ என்று குப்பை வாளியை இழுத்து வைத்துக்கொண்டார், வரவில்லை. அழுகையாவது வந்தால் நல்லது, அதுவும் வரவில்லை. அறுபத்தொன்பது வயதில் ஒரு மனிசன் பழையபடி அதே மனிசனாக இருக்கிறான் என்பதைவிடக் கேவலம் உண்டா? கடல் தாண்டி வந்து, பனிக்குள் கிடந்து, வேற்றுப் பாசை படித்து, பிள்ளை வளர்த்து, எல்லாம் செய்தும் அந்தக் கிணற்றடியை விட்டு ஒரு அடி நகரவில்லை.

மேலே போன் அடித்தது. பரமேசுவின் போன். அவர் எழும்பினார், எழும்பியபடி நின்றார். அவளுடைய குரல் விழுந்து விழுந்து கேட்டது. ஓமோம், எந்த ஆஸ்பத்திரி, எத்தினை மணிக்கு, ஐயோ பாவம். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். கோகுலனுடைய முகம், கண்ணும் மூக்கும் உள்ள முகமாக வரவில்லை, வலது கன்னம் மட்டும் வந்தது, அதில் கலியாணத்தன்று பூசிய சந்தனம் காய்ந்திருந்தது. பிறகு பரமேசு சிரித்தாள். சிரிக்கிறாளே. கோயில் கமலாவுக்கு முழங்கால் ஒப்பரேசன், அதுதான் விசயம், சத்திரசிகிச்சைக்குத் திருவிழா உபயகாரரைப் போலப் பட்டுச்சீலை உடுத்திக்கொண்டு போனாளாம். போனை வைத்துவிட்டு அவள் படித் தலைப்பில் வந்து நின்றாள்.

"இஞ்சருங்கோ, தேத்தண்ணி ரெண்டாந்தரம் ஆறிப்போச்சு. அங்க என்ன தவமே செய்யிறியள்?"

"வாறன்."

"மருமகன் இண்டைக்கும் மான் கொண்டந்தால் பெரிய சட்டி காணாது. கமலா வீட்டச் சொல்லி வச்சிட்டன், அவையின்ர கிடாரத்தைத் தாறம் எண்டவை."

போன வருடம் அவன் மான் தொடை ஒன்றைக் கொண்டுவந்து, மாமா உங்கட ரவைதான், ஒரே வெடி, பொன் மாதிரிப் போச்சு என்று சொன்னான். பரமேசு அதை மிளகு தூக்கலாகப் போட்டுப் பிரட்டல் கறி வைத்தாள். இவர் அந்தக் கறியைத் தின்ற சனம் அத்தனை பேருக்கும் கதை சொன்னார். கோயிலில், கடையில், பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சொல்லப் பார்த்தார். பட்டறையில் இருபத்தாறு வருடம் கடைந்த உறுப்புகள் எந்தச் சுரங்கத்தில் எந்த இருட்டில் சுற்றுகின்றன என்று அவருக்குத் தெரியாது, ஒருவரும் வந்து நன்றாக இருந்தது என்று சொன்னதில்லை. இது ஒன்றுதான் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தது. அதற்காகத்தானே இந்த மேசை. அதற்காகத்தானே, சொல்லப்போனால், காலையில் எழும்புவது. அவர் போனை எடுத்தார். முதல் தரம் வேறு யாருக்கோ போய், வெட்டி, இரண்டாம் தரம் சரியாகப் போனது. மணி அடிக்கும்போது ஒரு கேவலமான நினைப்பு வந்தது, அவள் எடுக்காமல் விட்டால் நான் அடித்தேன் என்றாவது இருக்கும் என்று. எடுத்துவிட்டாள்.

"என்னப்பா, அம்மாக்கு ஏதுமோ?"

"இல்லைப் பிள்ளை. கோகுலனுக்கு வியாழக்கிழமை தந்த பெட்டி. அதில ஒண்டும் சுடக்கூடாது. நான் பிழை விட்டிட்டன், நட்டை இறுக்க மறந்திட்டன். துவக்கு வெடிக்கும், விளங்குதே? பீற்றற்ற போனுக்கு இப்பவே அடி."

சொல்லிவிட்டார். மறுபக்கம் குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது, அவள் அதை மூடினாள். இனி ஏன் என்று கேட்பாள், எப்ப தெரியும் என்று கேட்பாள். அதைக் கேட்டால் ஒன்பது பத்து என்று சொல்லிவிடுவது என்று அவர் முடிவெடுத்தார். இந்தத் தரம் சொல்லிவிடுவது. அவள் அதைக் கேட்கவில்லை.

"அப்பா, பதறாதேங்கோ. கதிரையில இருங்கோ முதல். அந்தப் பெட்டி இஞ்ச கராஜில இருக்கு."

"விட்டிட்டுப் போட்டாரோ? முருகா. மறந்து விட்டிட்டுப் போட்டாரோ?"

"மறக்கேல்லையப்பா." அவள் குரலைத் தணித்தாள். "அவர் உங்கட ரவை ஒண்டும் சுடுறேல்லை. ஒருநாளும் சுட்டதில்லை. மற்ற ஆக்கள் கட்டினதைச் சுடக்கூடாதெண்டு வேட்டைக் கோர்ஸில சொல்லிக் குடுத்தவையாம். உங்களிட்ட வேண்டாமெண்டால் மனம் நோவியள் எண்டு வாங்கிக்கொண்டு வந்து மேல் தட்டில அடுக்கி வைக்கிறவர். பதினாலு பெட்டியும் அப்பிடியே கிடக்கு. தமிழ் வாசிக்கத் தெரியாததால லேபிளில என்ன எழுதியிருக்கு எண்டு ஒவ்வொண்டா என்னட்டக் கேப்பார், நான் வாசிச்சுச் சொல்லுவன்."

"அந்த மான்?"

"கடை ரவையப்பா."

அவள் இன்னும் என்னவோ சொன்னாள். கோகுலன் வந்தால் நீங்கள் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ள வேண்டாம், பாவம், அவருக்கு வெட்கமாகப் போய்விடும் என்றாள். இந்தப் பெட்டியை மட்டும் தானே அடுத்த கிழமை ஒளித்துக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள். நட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேசையை எடுக்கப்போவதாகவும் சொல்லவில்லை. ஏன் எடுக்க வேண்டும்? யாருக்கும் ஒரு ஆபத்தும் இல்லையே, ஒருநாளும் இருந்ததில்லையே. மாமாட கை மெஷின் மாதிரி என்று சொன்னவன், அந்த மெஷினிலிருந்து வந்த எதையும் தன் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோகவில்லை. கெட்டிக்காரன். இவர் நல்லது பிள்ளை என்றார், நல்லாய்ப் போச்சு, கடவுள் காப்பாற்றினார் என்றார், எல்லாம் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார். போனை வைத்தார்.

வைத்த பிறகு அவர் ஆறுதலுக்காகக் காத்திருந்தார். பிள்ளையின் புருசனுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு கண்ணும் இரண்டு கன்னமும் முழுசாக இருக்கிறான், பின்னேரம் வருவான், கிடாரம் வரும், கறி வேகும். இதைவிட ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும். ஆறுதல் வர வேண்டிய வழியைப் பார்த்துக்கொண்டு இருந்தார், அது வருவதற்கு முதல் வேறொன்று வந்துவிட்டது. ஒன்றையாவது சுட்டிருக்கலாமே. கண் மூடித் திறக்கிற நேரம்தான், ஆனால் வந்தது. பதினாலு பெட்டியில் ஒரே ஒன்றை, இந்தப் பெட்டியில் என்றாலும்கூட. இந்தப் பெட்டியில் என்றாலும்கூட என்று அவர் மனம் முழு வசனமாக, தெளிவாக, அவருடைய சொந்தக் குரலில் சொன்னது. அவர் அதை நினைத்தார். நினைக்கவில்லை என்று இந்தத் தரம் அம்மாவிடமோ பரமேசுவிடமோ யாரிடமோ சொல்லித் தப்ப முடியாது, ஏனென்றால் யாரும் கேட்கப்போவதில்லை. அவர் இரண்டு கையையும் தொடைகளுக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தார். அப்படி இருந்தால் நடுக்கம் தெரியாது.

தூள் இடித்து முடிந்துவிட்டது போலும், மேலே போத்தல் மூடிகளின் சத்தம். மருமகனுக்கு இரண்டு போத்தல் எடுத்து வைத்திருக்கிறேன், உங்கட பங்கு ஏதும் இருக்கே என்று பரமேசு மேலேயிருந்து கேட்டாள். இருக்கு என்று சொன்னார். என்ன செய்வது, இல்லை என்று சொன்னால் அவள் ஏன் என்பாள். அடுத்த வியாழனும் அவன் வருவான், இரண்டு கையாலும் வாங்குவான், மாமா பொன் மாதிரி என்பான், இவர் தலையாட்ட வேண்டும், அவன் கொண்டுபோய்ப் பதினைந்தாவதாக அடுக்குவான். தில்லைநாதர் ஸ்பானரைத் தேடினார். அது கொப்பிக்குக் கீழே, வியாழக்கிழமை முழுவதும் அங்கேதான் கிடந்திருக்கிறது. புதுக் கோது ஒன்றை எடுத்தார். மருந்தை அளந்து கொட்டினார், தராசு நின்றது, ஒரு மணி கூடவில்லை, குறையவில்லை. குண்டை வாயில் பொருத்திக் கைப்பிடியை இழுத்தார். அடுத்தது கிறிம்ப். வழக்கம்போல அவருடைய கை அந்த இடத்தில் நின்றது, போடுவதா விடுவதா என்று, றெய்னோ ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாகத் தொடங்குவதற்கு. கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கராஜ் தட்டில் கிடக்கப்போகிற ரவைக்குப் போட்டால் என்ன, விட்டால் என்ன. அவர் நட்டை நன்றாக இறுக்கிவிட்டு, கைப்பிடியைத் தொடாமல், அந்த ரவையைப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு அடுத்த கோதை எடுத்தார்.